குகன் எழுதாத கடிதம்

அன்பு மகளுக்கு உம்மா எழுதுவது.

அடுத்த கிழமை நீ கோலாலம்பூருக்குப் பறக்கப் போகிறாய். எங்கள் கிழக்குக் கரையில் கலியாணம் முடித்த பெண் வீட்டை விட்டுப் போவதில்லை, மாப்பிள்ளைதான் அவளுடைய வீட்டுக்கு வருவார். உன் வாப்பா சவூதியில் உழைத்து உனக்கென்று கட்டிய வீட்டின் சாவியை என் கையில் தந்துவிட்டு நீ கடல் தாண்டிப் போகிறாய். அதுவும் கணவருக்குத் துணையாக மட்டுமல்ல, உனக்கே ஒரு வேலை கிடைத்துப் போகிறாய். நேற்று உன் மாமி எல்லாருக்கும் முன்னால் கேட்டார், "பேங்க் ஒண்டுட கொம்பியூட்டருக்குக் காவல் இரிக்கிற வேலையாமே, அது என்ன வேலகா? கொம்பியூட்டரக் கள்ளன் தூக்கிட்டுப் போயிருவானா?" என்று. வந்திருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்தக் கள்ளனுடைய வேலையை நான் ஒருமுறை கண்ணால் கண்டிருக்கிறேன். அதைத்தான் இதில் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அன்றைக்கு நீ திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய், நான் உன்னையும் சுற்றி நின்ற மனிதர்களையும் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிந்தது என்று நான் உனக்குச் சொன்னதே இல்லை. உன் மாமியும், பெண்பிள்ளைகளை இந்தப் படிப்புக்கு அனுப்புவதா என்று யோசிக்கிற மற்றத் தாய்மாரும் வாசிக்கட்டும் என்று இதை ஒட்டாமல் திறந்தே எழுதுகிறேன்.

வாப்பா மௌத்தான பிறகு நாம் கல்முனைக் கடைத்தெருவில் கொமினிகேஷன் என்று ஒரு தொலைபேசிக் கடை திறந்தது பலருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கடையில் இருப்பது ஒரு பெண் என்று தெரிந்ததும், கணவன்மார் வெளிநாட்டில் இருக்கிற பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரத் தொடங்கினார்கள். பலகை அடித்த இரண்டு தொலைபேசிக் கூடுகள், ஒரு பேக்ஸ் மெஷின், பின்னால் தேத்தண்ணி ஊற்ற ஒரு சின்ன இடம், அதுக்கு ஒரு திரைச்சீலை. அவ்வளவுதான் கடை. நீ கொழும்பில் டிப்ளோமா முடித்து வந்து, கணினி வாங்கி ஈமெயில் எடுக்க வேண்டும் என்று சொன்னபோது நான் சண்டை பிடித்தேன். "ஃபோன் இரிக்கக்குள்ள இது என்னத்துக்கு மகள்?" என்றேன். நீ சொன்னாய், "ஃபோன்ல அழுதே நேரம் முடிஞ்சி போகுது உம்மா. இதுல ஆறுதலா எழுதலாம்."

முதல் கடிதம் தோஹாவிலிருந்து வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்கு வருவதென்றால் எத்தனை ஆமிச் சென்ரிகளில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க வேண்டும் என்று உனக்குத் தெரியும். கோதுமை மாப்பையைக் கம்பியால் குத்திப் பார்ப்பார்கள். மீன் பெட்டியில் ஐஸைக் கொட்டிப் பார்ப்பார்கள். கைக்குழந்தையின் துணிப்பையைக்கூட அவிழ்க்கச் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஊருக்குள், கணினியோடு இணைத்த பெட்டி தொலைபேசிக் கம்பியில் கீச்சென்று கத்தி முடித்ததும், ஒரு மனிதன் கத்தாரில் உட்கார்ந்து எழுதிய வார்த்தைகள் வந்து நின்றன. யாரும் மறிக்கவில்லை. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. நான் ஸுப்ஹானல்லாஹ் என்றேன், என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதை அல்லாஹ்வின் ரஹ்மத்தாகத்தான் பார்த்தேன். நல்லது வருகிற வழியால் வேறு எதுவும் வரலாம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

யோகம் அக்காவை வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பில் இருக்கிறவர். கணவர் கடல் தொழிலாளி. ஒரே மகன் குகன் சுவிஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சட்டிபானை கழுவுகிற வேலையில் இருந்தான். அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. பாண்டிருப்பிலும் தம்பிராசா என்கிறவர் பிறகு ஒரு கொமினிகேஷன் திறந்தார், அங்கேயும் ஈமெயில் வந்தது. இருந்தாலும் அக்கா நம்மிடமே வந்தார். நீ மெதுவாக, ஒவ்வொரு வரியாக வாசிப்பாய் என்பதற்காக. ஒரு வரி முடிந்ததும், அடுத்து என்ன என்று அறிய, "மறுகா?" என்று கேட்பார். அந்த "மறுகா"வைக் கேட்க எனக்கும் ஆசையாக இருக்கும்.

அது ஒரு வியாழக்கிழமைக் காலை. அக்கா உன் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். ரியாதிலிருக்கிற கணவனின் அழைப்புக்காக ஹாஜரா என்கிற பெண் கூட்டுக்குள் காத்திருந்தாள். குகன் பெயரில் ஒரு கடிதம் வந்திருந்தது. வழக்கம்போல தமிழ்ப் பேச்சை ஆங்கில எழுத்தில் எழுதியது. நீ "அம்மா, நாளைக்கு வெள்ளிக்கிழமை கல்முனைப் பக்கம் போக வேணாம்" என்று வாசித்தாய். பிறகு நிறுத்திவிட்டாய்.

"மறுகா?" என்றார் அக்கா.

"மாமி, இது... பொறகு வாசிப்பமா?"

"ஏன் புள்ள? அவனுக்கு என்ன? வருத்தமா? வாசி, வாசி" என்று உன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அந்தத் தாயின் பதற்றத்தைப் பார்த்து நீ வாசித்தாய். பள்ளிவாசலில் ஜும்ஆத் தொழுகை நடக்கும்போது எங்கட இயக்கப் பொடியன்கள் வந்து எல்லாரையும் முடிக்கப் போகிறார்கள், ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்று அதில் இருந்தது. தொழுகையில் நின்ற மனிதர்களை எங்கள் கரையில் முன்னர் சுட்டுக் கொன்றதை நான் இங்கே விரித்து எழுத வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டிருந்த ஹாஜரா, கணவனின் அழைப்பு வர முன்பே தெருவுக்கு ஓடிவிட்டாள். பிறகு கூட்டுக்குள் தொலைபேசி மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் போய் எடுத்தபோது அந்த மனிதர் "ஹலோ, ஹலோ" என்றார், பிறகு எடுக்கச் சொல்லி வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் கடைகளின் ஷட்டர்கள் ஒன்றொன்றாக இழுபடுகிற சத்தம் கேட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கூப்பிடத் தாய்மார் ஓடினார்கள். யோகம் அக்கா எழும்பவில்லை. "என்ட புள்ள இப்பிடி எழுதமாட்டான், தங்கச்சி. எழுதமாட்டான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் பின்பக்க ஒழுங்கையால் போகச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "போனா, குற்றம் செஞ்சவள் ஓடுறாள் எண்டுவாங்க. நான் இருக்கன்" என்றார். அவரைத் திரைச்சீலைக்குப் பின்னால் இருத்திவிட்டு, கடைவாசலில் நான் போய் நின்றேன்.

பள்ளிவாசல் தலைவர் ஹாஜியார் வந்தார். அரிசி மில் வைத்திருக்கிற மனிதர், கோபம் வந்தாலும் சத்தம் போடாதவர். அவருக்குப் பின்னால் வந்த இளைஞர்கள் அப்படியில்லை. தெரு நிறைய ஆட்கள்.

"மெய்தானா தங்கச்சி?" என்று கேட்டார்.

"கடிதம் வந்தது மெய்தான் ஹாஜியார்."

"அந்தப் பொம்புள எங்க?"

நான் பதில் சொல்ல முன்பே அக்கா திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். "நான்தான் ஐயா அவன்ட தாய். அவனுக்கு ஃபோன் அடிச்சிக் கேளுங்க" என்றார். சுவிஸுக்கு அழைப்பு எடுத்தோம். யாரோ வேற்று மொழியில் பேசி, பிறகு குகன் வந்தான். எல்லாரும் கேட்க ஸ்பீக்கரைப் போட்டாய். "நான் எழுதல்ல அம்மா! உங்களுக்கு இந்தக் கிழம நான் ஒண்டும் எழுதல்ல. ஆரம்மா அப்பிடிச் சொன்ன? நீங்க எங்க இருக்கீங்க இப்ப?" என்று அவன் கத்தினான். அச்செடுத்த கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நின்ற ஒருவன் சொன்னான், "எழுதிட்டு, எழுதின எண்டா சொல்லுவான்? இந்தா எழுத்துல இரிக்கி. அவன்ட பேரு இரிக்கி, அட்ரஸ் இரிக்கி." அவன் சொன்னது எல்லாருக்கும் சரியாகத்தான் பட்டது. எனக்கும் பட்டது. ஒரு மனிதன் தொண்டை கிழியக் கத்துகிறான், நாங்கள் எல்லாரும் அவன் குரலை விட்டுவிட்டுத் தாளை நம்புகிறோம். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

அப்போதுதான் நீ பேசினாய். "ஹாஜியார், கொஞ்சம் இரிங்க. ஒண்டு காட்டுறன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாய். ஆண்கள் அவ்வளவு பேர் நிற்க, நீ முக்காட்டை ஒருமுறை சரிசெய்துவிட்டுத் தட்டத் தொடங்கினாய். பெட்டி கத்தியது, ஓய்ந்தது, மறுபடி கத்தியது. "இப்ப வந்து பாருங்க" என்று திரையை அவர் பக்கம் திருப்பினாய். புதிதாக வந்த கடிதம் ஒன்று. அனுப்பியவர், தோஹாவிலிருக்கிற ஹாஜியாரின் மூத்த மகன். அவருடைய பெயர், அவருடைய விலாசம், நம் கடைக்கு மாதாமாதம் கடிதம் வருகிற அதே விலாசம். உள்ளே ஒரு வரி. வாப்பா, எனக்குக் கடும் வருத்தம், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன்.

ஹாஜியார் திரைக்குக் கிட்டக் குனிந்தார். "எப்ப? எந்த ஆஸ்பத்திரி? மகள், உடன ஃபோன் எடுங்க" என்று மேசையைப் பிடித்துக்கொண்டார்.

"ஹாஜியார், இத உங்கட மகன் எழுதல்ல. நான் எழுதின. இப்ப, உங்கட கண்ணுக்கு முன்னால. என்னைய மன்னிச்சிக்கங்க" என்றாய்.

அவர் உன்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். நீ தட்டியதை அவர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். இருந்தும் மகனுடைய பெயரைக் கண்டதும் நம்பிவிட்டார். எழுத்தில் இருக்கிறது என்று சொன்ன இளைஞன், கையிலிருந்த தாளைப் பாம்பைப் பிடித்ததுபோல மேசையில் போட்டான்.

"அப்ப எதத்தான் நம்புற மகள்?" என்று கேட்டார் ஹாஜியார். கோபமில்லாத, ஒரு பிள்ளை கேட்பதுபோன்ற கேள்வி.

"பேர மாத்தலாம் ஹாஜியார். ஆனா ஒவ்வொரு கடிதமும் எந்தெந்த மெஷினால கடந்து வந்த எண்டு பின்னால எழுதிக்கொண்டு வரும். அத முழுசா மறைக்கிற லேசில்ல" என்று சொல்லி, சாதாரணமாக நாங்கள் காணாத வரிகளை நீ திறந்து காட்டினாய். குகனின் பழைய கடிதங்கள் எல்லாம் சுவிஸிலுள்ள ஒரே இடத்திலிருந்து புறப்பட்டு வந்திருந்தன. இந்தக் கடிதம் அங்கே போகவே இல்லை. யாருக்கும் சம்பந்தமில்லாத ஒரு நாட்டில், ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் மெஷினிலிருந்து புறப்பட்டிருந்தது. எனக்கு அந்த எழுத்துகளும் புள்ளிகளும் எண்களும் விளங்கவில்லை. ஆனால் பாதி உலகத்தைச் சுற்றி ஒரு நொடியில் வந்த ஒன்று, கால் பதித்த இடமெல்லாம் தடம் விட்டிருக்கிறது என்பது விளங்கியது. முதல் கடிதம் வந்த நாளில் சிலிர்த்த உடம்பு அன்றைக்கும் சிலிர்த்தது.

அடுத்ததைச் செய்தது ஹாஜியார். அவர் திரையை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "இத எழுதினவன் எங்களுக்கு மட்டுமா எழுதியிருப்பான்?" என்றார். அந்தக் கேள்வியை அந்த மனிதர் கேட்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன்.

பாண்டிருப்புக்கு அழைப்பு எடுத்தோம். தம்பிராசா முதலில் பேசப் பயந்தார். யோகம் அக்கா ரிசீவரை வாங்கி, "தம்பி, நான் யோகம். உயிரோடதான் இருக்கன். கேக்கிறதச் சொல்லு" என்ற பிறகுதான் சொன்னார். அவருடைய கடைக்கும் காலையில் ஒரு கடிதம் வந்திருந்தது. சவூதியில் வேலை செய்கிற ஒரு முஸ்லிம் ஆள், அவருக்கு அறிமுகமானவர், எழுதியதுபோல. நாளைக்கு ஜும்ஆ முடிந்ததும் பாண்டிருப்பை எரிக்கப் போகிறார்கள், பழக்கத்துக்காகச் சொல்கிறேன் என்று. பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு களுவாஞ்சிகுடிப் பக்கம் வெளிக்கிட்டுவிட்டார்கள், ஆம்பிளைகள் கோயிலடியில் நிற்கிறார்கள் என்றார். அவர்களைப் பற்றி நாங்கள் இங்கே நடுங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில், எங்களைப் பற்றி அவர்கள் அங்கே நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கடிதத்தின் மறைந்த வரிகளை எப்படித் திறப்பது என்று தொலைபேசியில் நீ அவருக்குச் சொல்லிக் கொடுத்தாய். பிறகு அவர் ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார். நீ நம் திரையில் ஒவ்வோர் எழுத்தின் கீழும் விரலை வைத்துக்கொண்டு போனாய். அங்கே எம் என்றால் இங்கேயும் எம். அங்கே புள்ளி என்றால் இங்கேயும் புள்ளி. கடைசி எண் வரைக்கும் ஒன்றேதான். வாசித்து முடித்துவிட்டுத் தம்பிராசா சொன்னார், "ஒரே ஆள்தான், என்ன?" ஹாஜியார்தான் "ஓம் தம்பி, ஒரே ஆள்தான்" என்றார்.

"எங்கட ஊர அவன் கண்டிருப்பானா மகள்?" என்று பிறகு உன்னிடம் கேட்டார்.

"தெரியா ஹாஜியார். அந்த நாட்டுல இருந்துதான் எழுதின எண்டும் சொல்ல ஏலா. அந்த மெஷினுக்குள்ளயும் களவாப் பூந்திருக்கலாம். கொழும்புலயும் இருக்கலாம். அடுத்த தெருவிலயும் இருக்கலாம்."

ஹாஜியார் தன்னுடைய வான் வண்டியிலேயே யோகம் அக்காவைப் பாண்டிருப்புக்குக் கூட்டிக்கொண்டு போனார். அக்கா முன் சீட்டில் இருந்தார். கோயிலடியில் நின்றவர்கள் முதலில் தடி பொல்லுகளோடு எழும்பினார்களாம், வண்டிக்குள் அக்காவைக் கண்டதும் வழி விட்டார்களாம். திரும்பி வந்து பள்ளி ஸ்பீக்கரில் ஹாஜியாரே நடந்ததைச் சொன்னார். அப்படிச் சொன்னாலும் பயம் உடனே போய்விடுமா? வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போன ஆண்கள் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போனார்கள். தொழுகை தொடங்க முன்னர் யோகம் அக்காவும் அவருடைய கணவரும் தம்பிராசாவும் நம் கடைக்கு வந்தார்கள். எதிரே இருந்த பள்ளியைப் பார்த்துக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்தார்கள். "என்ன அக்கா இந்த நேரத்துல?" என்று கேட்டேன். "ஏதும் வந்தா எங்களுக்கும் சேத்து வரட்டும் தங்கச்சி" என்றார். நான் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வரும்வரை மூன்று பேரும் எழும்பவில்லை.

பிறகு ஆமிக்காரர்கள் வந்து விசாரித்தார்கள், தாள்களை வாங்கிக்கொண்டு போனார்கள். எழுதியது யார் என்று இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அந்த ஆள் ஒரு குண்டும் கொண்டு வரவில்லை, ஒரு சென்ரியையும் கடக்கவில்லை. கதிரையில் உட்கார்ந்துகொண்டு இரண்டு கடிதம் எழுதினான், இரண்டு ஊர் பொல்லெடுத்தது. எங்கள் பயம் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று அவனுக்கு எவ்வளவு சரியாகத் தெரிந்திருக்கிறது! அந்த அறிவை நினைத்தால் எனக்கு வாயடைத்துப் போகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹாஜியாருடைய மகனின் பெயர் திரையில் வந்த நொடியில் எனக்கு உன்னைப் பார்த்தும் பயம் வந்தது. நான் பெற்ற பிள்ளையிடம், ஒரு தகப்பனின் நெஞ்சைத் தூரத்திலிருந்து பிடித்து உலுக்குகிற வல்லமை இருக்கிறது. அந்தக் கள்ளனுக்குத் தெரிந்த வேலை உனக்கும் தெரியும். அடுத்த வார்த்தையிலேயே நீ அவரிடம் மன்னிப்புக் கேட்டாய், அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. நீ போகிற இடத்தில் இதைவிடப் பெரிய வல்லமைகளைக் கற்றுத் தருவார்கள். உன்னோடு வேலை செய்கிறவர்கள் அதை விளையாட்டுப்போலச் செய்வார்கள். ஏமாந்தவர்களைப் பார்த்து மடையர்கள் என்று சிரிப்பார்கள். நீ சிரிக்காதே மகள். அன்றைக்கு ஏமாந்தது மடையர்கள் அல்ல, பிள்ளைகளை வைத்திருக்கிறவர்கள். எதிரி எவ்வளவு கெட்டிக்காரன் என்று வியந்துகொண்டே அவன் பக்கம் சாய்ந்துவிடாதே. அப்படி ஒரு இழுப்பு இருக்கும், எனக்கே இருக்கிறது. உனக்கு விளங்காதது வந்தால் ஹாஜியாரைப்போல ஒரு கேள்வி கேட்கிற மனிதரைத் தேடிக்கொள். மறைந்த வரிகளைத் திறந்தது நீதான், ஆனால் மற்றப் பக்கத்துக்கு அழைப்பு எடுக்கச் சொன்னது கணினி தெரியாத ஒருவர். யோகம் அக்கா பேசியிராவிட்டால் அந்தப் பக்கத்தில் யாரும் பதிலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு கடைக்கு வந்த பெண்கள் மாறிவிட்டார்கள். அடுத்த கிழமை பாலமுனையிலிருந்து ஒரு புதுமணப் பெண் வந்தாள். கலியாணம் முடித்த கையோடு கணவன் குவைத்துக்குப் போயிருந்தான், அவனிடமிருந்து வந்த முதல் கடிதம். நீ தாளை நீட்டினாய். அவள் வாங்கவில்லை. "ராத்தா, அவருதான் எழுதினா? வேற ஆருமா? பாத்துச் சொல்லுங்க" என்றாள். நான் நினைத்தேன், அந்த முகம் தெரியாதவன் இந்தப் பெண்ணிடமிருந்தும் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று. நீ கணினிக்குத் திரும்பி, அந்த வரிகளைத் திறந்து, ஒன்றொன்றாக விரல் வைத்துப் பார்த்தாய். அவள் உன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம் தங்கச்சி, அவருதான்" என்றாய்.

அவள் இரண்டு கையாலும் அந்தத் தாளை வாங்கி, வாசிக்காமலே நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதாள். அதுதான் உன் வேலை மகள். போய் வா. அல்லாஹ் உன் கைகளைக் காக்கட்டும், உன் கைகளிடமிருந்து மற்றவர்களையும் காக்கட்டும்.

உன் உம்மா